விட்டுப்போன 2 'டிக்'... பறந்துபோன 89 கோடி டாலர்: 'யூஎக்ஸ்' ஆய்வுகள் சொல்வது என்ன?

2020 ஆகஸ்ட் 11. ரெவ்லான் என்ற அழகு சாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு, அந்த நிறுவனத்தின் சார்பில் அமெரிக்காவின் சிட்டி பேங்க் வட்டி அனுப்ப வேண்டும். தொகை சுமார் 78 லட்சம் டாலர். வட்டி சரியாகத்தான் போனது. ஆனால் கூடவே சுமார் 89 கோடி டாலர் அசலும் கிளம்பிப் போய்விட்டது. அது ரெவ்லான் பணம்கூட இல்லை, வங்கியோட சொந்தப் பணம்!

ஹேக்கிங்கா? இல்லை. மோசடியா? அதுவும் இல்லை. எல்லாம் ஒரு ஸ்கிரீன் செய்த வேலை.

வங்கி பயன்படுத்திய மென்பொருளில், அசலை வெளியே அனுப்பாமல் உள்கணக்கிலேயே நிறுத்த வேண்டும் என்றால் 3 கட்டங்களை நிரப்ப வேண்டும். ஒன்றின் பெயர் 'பிரின்சிபல்', அதாவது அசல். மற்ற இரண்டின் பெயர் 'ஃப்ரண்ட்', 'ஃபண்ட்'. ஊழியர் 'பிரின்சிபல்' கட்டத்தை மட்டும் நிரப்பினார். அசலை நிறுத்த வேண்டும், 'அசல்' என்று எழுதிய இடத்தில் சொல்லியாச்சு, அவ்வளவுதானே? நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒருவர் மட்டும் ஏமாறவில்லை. பெரிய தொகை என்றால் 3 பேர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பது வங்கியின் விதி. முதல் இருவர் இந்தியாவில் இருந்த ஒப்பந்த நிறுவன ஊழியர்கள், மூன்றாமவர் அமெரிக்காவில் இருந்த வங்கி அதிகாரி. 3 பேரும் பார்த்தார்கள். 3 பேருக்கும் சரியாகவே தெரிந்தது. கடைசியில் ஸ்கிரீனில் ஒரு எச்சரிக்கையும் வந்தது. பணம் வங்கிக்கு வெளியே போகும், தொடரலாமா என்று கேட்டது. எவ்வளவு பணம் என்று மட்டும் அது சொல்லவில்லை. வட்டிப் பணம் வெளியேதானே போகணும்? 'ஆம்' கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. சிலர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் சுமார் 50 கோடி டாலரை வாங்கியவர்கள் 'எங்க கடன்தானே திரும்ப வந்திருக்கு' என்று தர மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பு சொன்னது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிய பிறகுதான் வங்கிக்கு மூச்சு வந்தது.

சரி, இது யார் தப்பு? ஊழியருடையதா, ஸ்கிரீனுடையதா? இந்தக் கேள்வியைத்தான் ஒரு பெரிய ஆய்வுத்துறை பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் யூசர் எக்ஸ்பீரியன்ஸ், சுருக்கமாக யூஎக்ஸ். தமிழில் பயனர் அனுபவம்.

விமானத்தில் தொடங்கிய கதை

யூஎக்ஸ் என்றதும் மொபைல் ஆப், வெப்சைட் என்றுதான் தோன்றும். ஆனால் இதன் வேர் இரண்டாம் உலகப்போர் விமானங்களில் இருக்கிறது.

அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கும். இறங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று சக்கரம் உள்ளே மடங்கி, வயிறு தரையில் உரசி நிற்கும். விசாரணை அறிக்கையில் 'பைலட் தப்பு' என்று எழுதிவிடுவார்கள். ஆல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் காக்பிட்டுக்குள் போய் உட்கார்ந்து பார்த்தார். இறக்கையின் மடிப்பை இயக்கும் சுவிட்சும், சக்கரத்தை இயக்கும் சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. களைத்துப் போய் வரும் பைலட் ஒன்றை நினைத்து மற்றொன்றைத் தட்டிவிடுகிறார்!

சப்பானிஸ் சொன்ன தீர்வு ரொம்ப எளிமையானது. சக்கர சுவிட்சின் முனையில் சின்ன ரப்பர் சக்கரம், மடிப்பு சுவிட்சின் முனையில் ஆப்பு வடிவத் துண்டு. கண்ணால் பார்க்காமலேயே கை கண்டுபிடித்துவிடும். இன்றைய விமானங்களிலும் சக்கர லீவரின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

1947ல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், பைலட்டுகள் சொன்ன 460 தவறுகளைத் திரட்டி வகைப்படுத்தினார்கள். அதில் ஏறத்தாழ பாதி, ஒரு கருவியை இன்னொரு கருவி என்று நினைத்து இயக்கியவை. மனுஷன் மாறப்போவதில்லை, கருவியைத்தான் மாற்றணும் என்ற எண்ணம் இங்கிருந்துதான் வலுத்தது.

அடுத்த 40 ஆண்டுகளில் அந்த எண்ணம் காக்பிட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தது. 1983ல் கார்ட், மோரன், நியூவெல் மூவரும் கம்ப்யூட்டர் பயன்பாட்டின் உளவியல் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதினார்கள். 1988ல் டான் நார்மன் என்ற உளவியல் பேராசிரியர் கதவு, அடுப்பு, குழாய் போன்ற அன்றாடப் பொருட்களை வைத்து இதையே எல்லோருக்கும் புரியும்படி எழுதினார். தள்ளணுமா இழுக்கணுமா என்று குழப்பும் கதவுகளுக்கு 'நார்மன் டோர்' என்றே பெயர் வந்துவிட்டது. 1993ல் ஆப்பிளில் சேர்ந்தபோது தன் பதவிப் பெயரிலேயே அவர் 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்று போட்டுக்கொண்டார். அந்தச் சொல் பரவியது அப்படித்தான்.

பிசினஸ்காரர்கள் கேட்டது வேறு கேள்வி

உளவியல் ஆய்வாளர்கள் 'மனுஷன் ஏன் தடுமாறுகிறான்?' என்று கேட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், மேனேஜ்மென்ட் துறைக்காரர்களுக்கு வேறொரு தலைவலி. கோடிக்கணக்கில் செலவு செய்து ஆபீசுக்கு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டாச்சு, ஆனால் ஊழியர்கள் தொட மாட்டேன் என்கிறார்கள். ஏன்?

1989ல் ஃப்ரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் இதற்குப் பதில் தேடினார். ஒருவர் ஒரு தொழில்நுட்பத்தை ஏற்றுக்கொள்வதை இரண்டு நம்பிக்கைகள் தீர்மானிக்கின்றன என்றார். ஒன்று, இது எனக்குப் பயன்படும். இன்னொன்று, இது எனக்குச் சுலபம். இரண்டில் எது பெரிது? பயன்தான். சுலபம் அடுத்ததுதான்.

தட்கல் டிக்கெட் எடுத்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். காலை 10 மணிக்கு எத்தனை கேப்சா வந்தாலும், எத்தனை முறை பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தாலும் விட்டுவிட்டுப் போகிறோமா? ஊருக்குப் போகணுமே! பயன் பெரிதாக இருந்தால் கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்கிறோம். அதற்காக, மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதே 'நல்லா இருக்கு' என்பதற்குச் சான்று ஆகிவிடாது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் நிறுவனங்கள் வழுக்குகிற இடம் இது.

1998ல் பைன், கில்மோர் என்ற இருவர், இனிமேல் கம்பெனிகள் பொருளையோ சேவையையோ மட்டும் விற்க முடியாது, அனுபவத்தைத்தான் விற்கப் போகிறார்கள் என்று எழுதினார்கள். அதன் பிறகு மார்க்கெட்டிங் உலகம் 'கஸ்டமர் எக்ஸ்பீரியன்ஸ்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. உளவியல் பக்கம் 'யூசர்', மார்க்கெட்டிங் பக்கம் 'கஸ்டமர்'. ஆள் ஒரே ஆள்தான்.

இரு தரப்பும் அளக்கும் விதத்திலேயே வித்தியாசம் தெரியும். 1986ல் ஜான் ப்ரூக் உருவாக்கிய 'எஸ்யூஎஸ்' என்ற அளவுகோலில் 10 கேள்விகள். ஒன்று புகழ்ந்து, அடுத்தது குறை சொல்லி என மாறி மாறி வரும். யோசிக்காமல் ஒரே பக்கமாக டிக் அடித்துக்கொண்டே போனால் மாட்டிக்கொள்ளும்படியான ஏற்பாடு. 2003ல் ஃப்ரெட் ரைக்ஹெல்ட் பிசினஸ் உலகுக்குக் கொடுத்த 'என்பிஎஸ்' அளவுகோலில் ஒரே கேள்விதான். எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10 வரை சொல்லுங்க. 9, 10 என்றால் ரசிகர். 6ம் அதற்குக் கீழும் அதிருப்தியாளர். பணம் கட்டி முடித்ததும் ஆப்பில் எட்டிப் பார்க்குமே அந்தக் கேள்வி, அதேதான்.

அழகா இருந்தா சுலபமா இருக்குமா?

இந்தத் துறையில் சுவாரசியமான ஆய்வுகளில் ஒன்று ஜப்பானில் நடந்தது. 1995ல் குரோசு, காஷிமுரா என்ற இருவர் ஏடிஎம் ஸ்கிரீனுக்கு 26 விதமான வடிவமைப்புகளைத் தயாரித்து 252 பேரிடம் காட்டினார்கள். இதில் எது அழகு, எது பயன்படுத்தச் சுலபமாகத் தெரிகிறது? அழகாகத் தெரிந்ததையே மக்கள் சுலபமானது என்றும் சொன்னார்கள். உண்மையில் பயன்பாட்டை எளிதாக்கும் அம்சங்களோடு அவர்கள் சொன்னது அவ்வளவாகப் பொருந்தவில்லை.

இஸ்ரேலைச் சேர்ந்த நோம் டிராக்டின்ஸ்கிக்கு இது நம்பும்படியாக இல்லை. ஜப்பானியர்களுக்கு அழகுணர்ச்சி அதிகம், அதனால் அப்படி வந்திருக்கும், நம்ம ஊர் ஆட்கள் காரியத்தில் கண்ணானவர்கள் என்று நினைத்தார். அதே சோதனையை இஸ்ரேலில் செய்து 1997ல் வெளியிட்டார். முடிவு? அழகுக்கும் சுலபத்துக்குமான தொடர்பு அங்கே இன்னும் வலுவாக வந்தது! 'எங்க ஊர்ல அப்படி இல்லை' என்று சொல்வதற்கு முன் ஒருமுறை சோதித்துப் பார்த்த மனுஷரைப் பாராட்டத்தான் வேண்டும்.

பிறகு 2006ல் இதே டிராக்டின்ஸ்கியும் ஜெர்மனியின் மார்க் ஹாசன்சாலும் சேர்ந்து எழுதிய கட்டுரை இந்தத் துறையின் முக்கியக் கட்டுரைகளில் ஒன்றானது. வேலை முடிகிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள், மகிழ்ச்சி, அழகு, உணர்ச்சி எல்லாம் சேர்ந்ததுதான் அனுபவம் என்பது அவர்கள் வாதம்.

கடைசி 30 விநாடி

இன்னொரு சோதனை. டேனியல் கானமன் குழு, 1993. 32 பேர். 14 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் 60 விநாடி கையை வைத்திருக்க வேண்டும். இது ஒரு சுற்று. இன்னொரு சுற்றில் அதே 60 விநாடி, அதோடு கூடுதலாக 30 விநாடி. அந்த 30 விநாடியில் மட்டும் தண்ணீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும்.

மூன்றாவது முறை எதைச் செய்வீர்கள் என்று கேட்டபோது, 32 பேரில் 22 பேர் நீளமான சுற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதில்தான் வலி அதிகம். ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால், நினைவில் அது நல்லதாகத் தங்கிவிட்டது. ஒரு அனுபவத்தின் உச்சமும் முடிவும்தான் மனதில் நிற்கும், எவ்வளவு நேரம் நீடித்தது என்பது பெரும்பாலும் மறந்துபோகும்.

தமிழில் அனுபவத்துக்குப் 'பட்டறிவு' என்று ஒரு சொல் உண்டு. பட்டது வேறு, பட்டுப் பெற்ற அறிவு வேறு. யூஎக்ஸ் ஆய்வாளர்கள் அளக்கத் திணறுவது இந்த இடைவெளியைத்தான். பயன்படுத்தும்போது கேட்டால் ஒரு பதில் வருகிறது, அடுத்த வாரம் கேட்டால் வேறு பதில் வருகிறது. எது உண்மையான அனுபவம்?

கம்பெனிகளுக்கு இந்தக் குழப்பம் இல்லை. அடுத்த முறை வாங்குவதைத் தீர்மானிப்பது நினைவுதான், அது போதும் அவர்களுக்கு. கூகுள் பே 2017ல் 'தேஜ்' என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தபோது, பணம் அனுப்பி முடித்ததும் ஒரு ஸ்கிராட்ச் கார்டு வந்தது நினைவிருக்கிறதா? பணம் கையை விட்டுப் போன அந்த நிமிஷத்தில், முடிவில் ஒரு சின்ன சந்தோஷம். 'பெட்டர் லக் நெக்ஸ்ட் டைம்' வந்தாலும் சுரண்டிப் பார்த்தோமே!

இத்தனை ஆய்வுக்கும் வரைபடம் உண்டா?

உண்டு. ஒரு துறையில் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் சேர்ந்துவிட்டால் எல்லாவற்றையும் ஒரு ஆளால் படிக்க முடியாது. அதனால் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் போன்ற தரவுத்தளங்களிலிருந்து கட்டுரை விவரங்களை மொத்தமாக எடுத்து, யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று கணினியில் வரைந்து பார்க்கிறார்கள். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம் இதற்காக உருவாக்கிய 'விஓஎஸ்வியூவர்' என்ற இலவச மென்பொருள் ரொம்பப் பிரபலம்.

ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, எந்தெந்தப் பெயர் சேர்ந்தே அச்சாகிறது என்று பார்த்தால் யார் யாருக்குச் சொந்தம் என்று தெரிந்துவிடும் இல்லையா? அதே மாதிரிதான். இரண்டு கட்டுரைகளைப் பலரும் சேர்த்தே மேற்கோள் காட்டினால், அவை உறவுக்காரக் கட்டுரைகள். 1973ல் ஹென்றி ஸ்மால் என்பவர் முறைப்படுத்திய வழி இது.

வரைபடத்தில் ஒரு பெரிய சிக்கலும் இருக்கிறது. தேடும் சொல்லைப் பொறுத்து ஊரே மாறிவிடும். 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்று தேடினால் ஒரு கூட்டம், 'கஸ்டமர் எக்ஸ்பீரியன்ஸ்' என்று தேடினால் வேறு கூட்டம், 'யூசபிலிட்டி' என்றால் மூன்றாவது கூட்டம். ஒரே விஷயத்தை ஆராய்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் படிக்காமலே இருந்திருக்கலாம். போதாததுக்கு, இந்தத் தரவுத்தளங்களில் இருப்பவை பெரும்பாலும் ஆங்கிலக் கட்டுரைகள். உளவியல் சோதனைகளில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலானோர் மேற்கத்திய, படித்த, வசதியான நாட்டவர்கள்தான் என்று 2010ல் ஜோசப் ஹென்ரிக் குழு விரிவாகவே சுட்டிக்காட்டியது. செல்போனை முதல்முறை கையில் எடுத்து, தமிழ் எழுத்துக்கூட்டிப் படித்து, யூபிஐ அனுப்பப் பழகும் ஒரு பாட்டி இந்த வரைபடத்தில் எங்கே இருக்கிறார்?

மனசைப் படித்தவர்கள் கையில் கத்தி

இதெல்லாம் ஆய்வாளர்கள் பாடு என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம், இதே அறிவு நம்ம பாக்கெட்டிலும் கை வைக்கிறது என்பதுதான்.

2003ல் ஜான்சன், கோல்ட்ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள் ஐரோப்பாவில் உடல் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தவர்களின் விகிதத்தை ஒப்பிட்டார்கள். ஜெர்மனியில் 12 சதவீதம். பக்கத்து ஆஸ்திரியாவில் 99.98 சதவீதம். ஆஸ்திரியர்கள் வள்ளல்கள் என்று அர்த்தமில்லை. ஜெர்மனியில் சம்மதம் என்றால் பதிவு செய்யணும், ஆஸ்திரியாவில் சம்மதம் இல்லை என்றால்தான் பதிவு செய்யணும். ஏற்கெனவே இருப்பதை மாற்ற நாம் மெனக்கெடுவதில்லை. இந்த அறிவு உயிரைக் காப்பாற்றவும் உதவும். டிக்கெட் புக் செய்யும்போது இன்சூரன்ஸ் கட்டத்தில் முன்கூட்டியே டிக் அடித்து வைக்கவும் உதவும்.

இப்படி ஏமாற்றும் வடிவமைப்புகளுக்கு 2010ல் ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டன் யூஎக்ஸ் நிபுணர் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். 2019ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு சுமார் 11,000 ஷாப்பிங் தளங்களைக் கணினி மூலம் அலசியதில் 1,818 டார்க் பேட்டர்ன்கள் சிக்கின. 'இன்னும் 5 நிமிஷம்தான் ஆஃபர்' என்று ஓடும் கடிகாரங்கள் சில, நேரம் முடிந்த பிறகும் அதே விலையில்தான் விற்றுக்கொண்டிருந்தன.

பலிக்கிறதா? நன்றாகவே பலிக்கிறது. லுகுரி, ஸ்ட்ராஹிலெவிட்ஸ் என்ற சட்ட ஆய்வாளர்கள் 2021ல் வெளியிட்ட சோதனையில், சாதாரணமாகக் கேட்டபோது ஒரு சேவைக்குச் சம்மதித்தவர்கள் சுமார் 11 சதவீதம். லேசான டார்க் பேட்டர்ன் வைத்தபோது சுமார் 26 சதவீதம். அழுத்தமாக வைத்தபோது சுமார் 42 சதவீதம். அதிலும் கவனிக்க வேண்டியது, அழுத்தமானதைக் கண்டு மக்கள் கோபப்பட்டார்கள், லேசானதைக் கண்டு அவ்வளவாகக் கோபப்படவில்லை. படிப்பு குறைந்தவர்கள்தான் அந்த லேசான வலையில் அதிகம் விழுந்தார்கள்.

அமேசான் வழக்கு இதற்குப் பெரிய உதாரணம். பிரைம் சந்தாவில் சேருவது சுலபம், வெளியே வருவது பெரும்பாடு என்று அமெரிக்காவின் எஃப்டிசி 2023ல் வழக்குப் போட்டது. சந்தாவை ரத்து செய்யும் பாதைக்கு நிறுவனத்துக்குள்ளேயே வைத்திருந்த பெயர் 'இலியட்' என்று வழக்கு மனு சொன்னது. ஆமாம், ஹோமரின் அதே நீண்ட போர்க் காவியம்தான்! 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அமேசான் சமரசம் செய்துகொண்டது. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தியாவில் என்ன விதி?

2023 நவம்பர் 30ம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் டார்க் பேட்டர்ன்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை அறிவிக்கையாக வெளியிட்டது. 13 வகைகளை அது பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. நாம் அடிக்கடி பார்ப்பவை சில: கேட்காமலே கார்ட்டில் பொருளைச் சேர்ப்பது, முதலில் குறைந்த விலையைக் காட்டி பணம் கட்டும்போது ஏற்றுவது, 'கடைசி 2 மட்டுமே' என்று பொய் அவசரம் காட்டுவது, சந்தாவை ரத்து செய்ய விடாமல் சுற்றவிடுவது, 'வேண்டாம், எனக்குப் பாதுகாப்பு தேவையில்லை' என்ற மாதிரி பட்டன் வைத்து நம்மைக் குற்ற உணர்ச்சியில் தள்ளுவது. 2025 ஜூனில் இதே ஆணையம், 3 மாதங்களுக்குள் தங்கள் தளங்களைத் தாங்களே சோதித்துச் சரிசெய்யும்படி இ-காமர்ஸ் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

தாங்களே சோதிப்பது என்பதில்தான் இடிக்கிறது. எந்த பட்டனை எங்கே வைத்தால் எத்தனை பேர் ஏமாந்து அழுத்துவார்கள் என்ற கணக்கு அந்தந்த நிறுவனத்திடம்தான் இருக்கிறது. வெளியே இருக்கும் ஆய்வாளர் நூறு பேரை உட்கார வைத்து சோதனை செய்யும் நேரத்தில், நிறுவனம் லட்சக்கணக்கானவர்களுக்கு இரண்டு விதமான ஸ்கிரீனைக் காட்டி எது அதிகம் சம்பாதிக்கிறது என்று பார்த்துவிடும். மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியில் 2012ல் விளம்பரத் தலைப்பு காட்டப்படும் விதத்தைச் சின்னதாக மாற்றிப் பார்த்ததில் வருமானம் 12 சதவீதம் ஏறியது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல். இது ஏமாற்று வேலை இல்லை, சோதனைதான். ஆனால் இதே முறையில் ஏமாற்றும் பட்டனையும் சோதிக்கலாம், அந்த முடிவு எந்த ஆய்விதழிலும் வராது.

நீங்கள் இப்படி ஏதாவது ஒன்றில் மாட்டினால், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கார்ட் பக்கம், பணம் கட்டும் பக்கம் இரண்டையும் தனித்தனியாக, விலை தெரியும்படி எடுப்பது நல்லது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் சொல்லும்போது 'ஏமாத்திட்டாங்க' என்று மட்டும் சொல்லாமல், எந்தப் பக்கத்தில், எந்தக் கட்டத்தில், எதை அழுத்தியபோது என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.